காலுக்கும் சிகரட்டுக்கும் என்ன தொடர்பு?



போன மாதம் ஹல்துமுல்லைக்குப் போயிருந்தபோது சாச்சி வீட்டில் ஒரு பகல் தங்கினேன். சாப்பாடு முடிந்து, பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டு, சாச்சி எதிரே பாயில் உட்கார்ந்தார். சாச்சா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மகன், நீங்க ஓதிப் படிச்ச ஆள். எனக்கு ஒண்டு விளங்கப்படுத்துங்க. சிகரட் குடிச்சா நெஞ்சு பழுதாகும், இருமல் வரும், கேன்ஸர் வரும் எண்டு எல்லாரும் செல்றாங்க. அவருக்கு இருமல் ஒரு நாளும் இல்ல. சளி இல்ல. சீனி வருத்தமும் இல்ல. காலுக்கும் சிகரட்டுக்கும் என்ன தொடர்பு? நான் சுடுதண்ணி வெச்சதாலதானே அந்தக் கால் போச்சு?"

முதல் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இருபது வருடமாக மத்ரஸாவிலும் ஜும்ஆவிலும் புகைத்தலைப் பற்றிப் பேசி வருகிறேன். நுரையீரல், புற்றுநோய், காசின் வீண்விரயம் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுவேன். கால் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டாவது கேள்வியை அவர் மூன்று வருடமாக யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது.

ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் தந்தவற்றைப் படித்தும் பார்த்தேன். சாச்சிக்குச் சொன்ன பதிலை இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "பேரைப் போடாம எழுதுங்க. வேற ஒருத்தி என்னைப் போல சுடுதண்ணி வெச்சிட்டு அழாம இரிக்கட்டும்" என்றார்.

சாச்சா மரக்கறி லொறி ஓட்டியவர். ஹப்புத்தளைப் பக்கத்திலும் எங்கள் ஊர்ப் பக்கத்திலும் கோவா, லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு பின்னேரம் புறப்பட்டால், பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக விடியுமுன் கொழும்பு மெனிங் சந்தையில் இறக்க வேண்டும். வளைவுக்கு வளைவு மழையும் பனிமூட்டமும் உள்ள பாதை. தூக்கம் வராதிருக்க ஒரு சிகரட், குளிருக்கு ஒன்று, சாமான் இறக்கும்வரை காத்திருக்கும்போது இரண்டு. நான் சிறுவனாக இருந்தபோது சாச்சா இளைஞர். அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் கடைக்கு ஓடித் தனிச் சிகரட் இரண்டு வாங்கி வருவேன். மிச்சக் காசுக்கு டொபி எனக்கு. அந்த டொபியின் இனிப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது நேர்மையாகாது.

முப்பத்தைந்து வருடம் அப்படியே போயிற்று. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதில், பள்ளிவாசலுக்கு ஏறும் ஏற்றத்தில் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. பாதி வழியில் ஒரு பாலக்கட்டு இருக்கிறது. அதில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் வலி போய்விடும். எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் பிடிக்கும். "வாதம்" என்றார் ஒருவர். "லொறி மிதிச்சு மிதிச்சு நரம்பு இழுத்திருக்கு" என்றார் இன்னொருவர். சீனி இருக்கிறதா என்று இரத்தம் சோதித்தார்கள், இல்லை. நிம்மதியாகி எண்ணெய் பூசினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் படுத்திருக்கும்போதே வலித்தது. இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் ஆறுதல். பாதம் ஐஸ் போலக் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த காலுக்கு ஒரு மனைவி என்ன செய்வாள்? சாச்சி தண்ணீரைச் சுடவைத்து, உப்புப் போட்டு, பேஸினில் ஊற்றி அவர் காலை அதில் வைத்தார். சாச்சாவுக்குச் சூடு தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாராம். மறுநாள் பெருவிரலில் ஒரு கொப்புளம். கொப்புளம் உடைந்து புண். புண் ஆறவில்லை. மூன்றாம் கிழமை விரல் கறுத்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வைத்தியர் பாதத்தில் நாடித்துடிப்பைத் தேடினார், இல்லை. முழங்காலின் பின்புறம் தேடினார், அங்கும் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

இனிப் பதிலுக்கு வருகிறேன்.

எங்கள் மலைப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் போட்டுத்தான் தண்ணீர் வருகிறது. தோட்டத்து லயன்களில் பீலிக்கும் அப்படித்தான். குழாயின் உட்சுவரில் பாசியும் சேறும் படியப் படிய, முதலில் தெரியவராது. கடைசி வீட்டில்தான் தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கும். உடம்பில் கால் என்பது அந்தக் கடைசி வீடு. இதயத்திலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது பாதம்.

ஆனால் குருதிக்குழாய் பிளாஸ்டிக் குழாயைப் போல உயிரற்றதல்ல என்று வைத்தியர் திருத்தினார். அதன் உட்புறத்தில் ஒற்றைக் கல அடுக்காக மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. வேலை அதிகமாகும்போது குழாயை விரிக்கச் சொல்லுவதும், இரத்தம் கட்டியாகாமல் வழுக்கிப் போகச் செய்வதும் அந்தப் படலம்தான். இதற்காக அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற ஒரு வாயுவைத் தானே சுரக்கிறது. அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். புகையில் உள்ள ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் நுரையீரலில் தங்கிவிடுவதில்லை. அங்கிருந்து இரத்தத்தில் இறங்கி இந்தப் படலத்தைத் தாக்குகின்றன. படலம் காயப்பட்ட இடத்தில் கொலஸ்திரோல் கொழுப்பு உள்ளே புகுந்து படிகிறது. அதைச் சுற்றி வீக்கம். வருடக்கணக்கில் அது தடித்து, உள்ளே பழுத்த கொப்புளம் போல ஆகிறது.

இது நடப்பது காலில் மட்டுமல்ல. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளிலும், மூளைக்குப் போகும் நாடிகளிலும் இதேதான். எங்கே முதலில் அடைக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். சாச்சாவுக்குக் கால் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது, எப்போதோ ஒரு சிறு மாரடைப்பு அவருக்கே தெரியாமல் வந்துபோயிருந்த அடையாளமும் இருந்தது. "இரத்தினபுரியில ஒரு நாள் லொறிய ஓரங்கட்டிட்டு அரை மணித்தியாலம் படுத்தேன், வாயு எண்டு நெனச்சேன்" என்று பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

புகையில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிக்கொட்டின் நாடிகளைச் சுருங்கச் செய்து, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. இரத்தம் போகும் வழி குறுகுகிறது. அடுத்தது காபனோரொட்சைட்டு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஹல்துமுல்லையிலிருந்து பதுளை போகும் பஸ் என்று நினைத்தால், இந்த வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஆசனத்தைப் பிடித்துக்கொள்ளும். எளிதில் இறங்காது. பஸ் ஓடும், ஏற வேண்டியவர் ரோட்டோரத்தில் நிற்பார். மூன்றாவதாக, இரத்தத்தைக் கட்டிப்பிடிக்க வைக்கும் சிறுதட்டுக்கள் ஒட்டும் தன்மை கூடிக் காத்திருக்கின்றன. நாடிச் சுவரில் அந்தக் கொழுப்புக் கொப்புளம் ஒரு நாள் வெடித்தால், அந்த இடத்தில் அவை ஓடிவந்து குவிந்து, நிமிடங்களில் கட்டியாகி வழியை மூடிவிடும். மாரடைப்பு என்று நாம் சொல்வது இதுதான்.

எங்கள் பக்கத்து ஆண்கள் "குளிருக்கு ஒரு சிகரட்" என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். சிகரட் பற்றவைத்த சில நிமிடங்களில் விரல் நுனிகளின் வெப்பம் குறைகிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள். தோலுக்குப் போகும் சிறு நாடிகளை நிக்கொட்டின் இறுக்குவதால் அப்படி. முப்பத்தைந்து வருடம் குளிரை விரட்டுவதாக நினைத்து சாச்சா தன் கால்களைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே சாச்சி, அந்தக் கால் சுடுதண்ணியால் போகவில்லை. சுடுதண்ணீரைத் தாங்கக்கூடிய இரத்தம் அந்தப் பாதத்தில் இருக்கவில்லை. நல்ல காலாக இருந்தால் சூட்டை உணர்ந்து அவரே இழுத்திருப்பார், தோலும் தாங்கியிருக்கும், கொப்புளம் வந்தாலும் ஆறியிருக்கும். இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீலிப் பக்கம் போய்விட்டார்.

ஆனாலும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டியது இருக்கிறது. புகைக்கிற மனிதரின் கால் நடக்கும்போது கெண்டையில் பிடித்து, நின்றால் விடுகிறதென்றால், அது வாதமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு பாதம் மற்றதைவிடக் குளிர்ந்திருத்தல், கீழ்க்காலில் முடி கொட்டி மினுமினுத்தல், சிறு காயம் கிழமைக் கணக்கில் ஆறாதிருத்தல், இரவில் காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருதல், இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்பவை. அந்தக் காலுக்குச் சுடுதண்ணீர், சுடுசெங்கல், தணல் ஒத்தடம் எதுவும் வேண்டாம். கம்பளிக் காலுறை போதும். கிளினிக்கில் காட்டி, "பாதத்தில் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சாச்சா பாலக்கட்டில் உட்காரத் தொடங்கிய வருடமே சிகரட்டை விட்டு வைத்தியம் செய்திருந்தால், அந்தக் கால் பெரும்பாலும் இன்று இருந்திருக்கும் என்றுதான் வைத்தியர் சொன்னார். காலின் நாடி அடைத்தவருக்கு இதயத்தின் நாடியும் அடைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பதால், காலைக் காட்டப் போவது நெஞ்சையும் காப்பாற்றும்.

இளவயதினரையும் இது விடுவதில்லை. இருபது, முப்பது வயதுகளில் கை கால்களின் சிறு நாடிகள் வீங்கி அடைத்து, விரல்கள் அழுகும் ஒரு நோய் இருக்கிறது. 1908 இல் நியூயோர்க்கில் லியோ பர்கர் என்ற வைத்தியர் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது ஏறத்தாழ முற்றிலும் புகையிலை பாவிப்பவர்களின் நோய். நம்முடைய ஆசிய நாடுகளில், பீடி, சுருட்டு குடிப்பவர்களிடம் அதிகம். அதற்கு உறுதியான மருந்து ஒன்றே ஒன்று: முற்றாக விடுவது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்துக்கொண்டவர்களிடம் நோய் தொடர்ந்து விரல்களைத் தின்கிறது.

ஒன்றிரண்டு என்ற இந்தப் பேச்சைத்தான் நம் வீடுகளில் அதிகம் கேட்கிறோம். "முன்னப் போல இல்ல, இப்ப ஒரு நாளைக்கு ஒண்டுதான்" என்று கணவர் சொன்னால் நாமும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடுகிறோம். இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்பது கடைக் கணக்கு. நாடிகளுக்கு அந்தக் கணக்குப் புரியாது. பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018 இல் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரட் குடிக்கும் ஆண்களுக்கு, இருபது குடிப்பவருக்கு ஏற்படும் மேலதிக இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. குறைப்பது விடுவதற்கான படியாக இருக்கலாம். அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

அப்படியானால் அதே ஆய்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது. சிறிதளவு புகையே நாடிகளுக்குப் போதுமென்றால், பக்கத்தில் இருந்து சுவாசிப்பவரின் நிலை என்ன? புகைக்காதவர் மற்றவரின் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் அவருக்கு இதயநோய் வரும் ஆபத்து நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. 2006 மார்ச்சில் ஸ்கொட்லாந்தில் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தார்கள். ஒன்பது ஆஸ்பத்திரிகளில் தடைக்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். திடீர் இதயநோயுடன் சேர்க்கப்பட்டவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். ஒரு நாளும் புகைக்காதவர்களிடையே குறைவு இன்னும் அதிகமாக, 21 சதவீதமாக இருந்தது. இலங்கையிலும் அதே 2006 இல்தான் சட்டம் வந்தது. பஸ்ஸிலும் கந்தோரிலும் இன்று யாரும் பற்றவைப்பதில்லை. வீட்டுக்குள் சட்டம் வராது. 2015 இல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டில் புகைக்கும் ஆண்கள் பத்தில் மூன்று பேர் அளவில். புகைக்கும் பெண்கள் ஆயிரத்தில் ஒருவர். அந்த ஆண்களின் வீட்டில் இருக்கும் பெண்களின் நெஞ்சுக்குள் போகும் புகை எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஒற்றைக் கதவும் ஒரு சிறு ஜன்னலும் உள்ள லயன் காம்பிராவை நினைத்துப் பாருங்கள். வெளியே மழை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஒருவர் புகைக்கிறார், மடியில் பேரப்பிள்ளை. அதே அறையின் மூலையில் ஈர விறகு அடுப்பு வேறு. (அடுப்புப் புகையும் இதயத்துக்குக் கேடுதான். புகைக்கூண்டு வைப்பதைப் பற்றித் தனியாக ஒரு மாதம் எழுத வேண்டும்.) "வெளியே போய்க் குடிங்க" என்று கணவரிடம் சொல்லப் பயந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெளியே வாருங்கள். இரண்டு நாள் அப்படிச் செய்தால் அவருக்கே விளங்கும்.

வாயில் போட்டு மெல்லும் புகையிலையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் உம்மும்மாமார் தப்பித்துவிடுவார்கள். கேரளத்தில் பிறந்த ஸலீம் யூஸுப் என்ற இதய வைத்தியர் தலைமையில், இலங்கை உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். 2004 முதல் அதன் முடிவுகள் வெளிவந்தன. சிகரட்டும் பீடியும் மட்டுமல்ல, புகையிலையை மெல்லுபவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து இரு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. புகை இல்லாவிட்டாலும் நிக்கொட்டின் இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருகிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆகவே வெற்றிலைத் தட்டில் கொழுந்து பறிக்கும் சகோதரிகளும் கடைத்தெருவில் இருக்கும் மூத்தம்மாமாரும் புகையிலைத் துண்டை மட்டுமாவது தள்ளி வைக்கலாம். பாக்கும் வாய்க்கு நல்லதல்ல, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பிடுங்கினால் என்னை வீட்டுக்குள் எடுக்க மாட்டீர்கள்.

நெஞ்சு வலியைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் ஓமத் தண்ணீர் காய்ச்ச அடுப்படிக்குப் போகாதீர்கள். பெண்களுக்கு வரும்போது நெஞ்சு வலி இல்லாமலே வெறும் களைப்பும் மூச்சு முட்டலும் குமட்டலுமாகவும் வரும். அடைத்த நாடியின் கீழ் உள்ள இதயத் தசை அரை மணித்தியாலத்துக்குள்ளேயே சாகத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில் போட்டால்தான் முழுப் பயன். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மண்சரிந்து பாதை அடைத்திருந்தால் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மார்க்கச் சட்டத்தில் இதன் நிலை என்ன என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தே நானூறு வருடம்தான் ஆகிறது. அதனால் மத்ஹபுகளின் இமாம்களுடைய காலத்துக் கிதாபுகளில் அது இல்லை. பின்னால் வந்த உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். ஆகுமானது என்றவர்களும், மக்ரூஹ் என்றவர்களும், ஹராம் என்றவர்களும் உண்டு. அன்று அதன் கேடு கண்ணுக்குத் தெரியவில்லை. வைத்தியர்கள் அதை ஐயமின்றி நிறுவிய பிறகு, ஹராம் என்று தீர்ப்பளித்த உலமாக்களே அதிகம். நான் ஓதிய காலத்தில் மக்ரூஹ் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு புகைத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள்தான். அவர்களில் இருவரின் ஜனாஸாவுக்கு ஐம்பது வயதிலேயே போக நேர்ந்தது.

விட முடியாது என்கிறார்களே, அதற்குத்தான் நான் ரமழானைக் காட்டுவேன். நம் நாட்டில் ஒரு நோன்பு பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு நேரம் ஒரு சிகரட்டும் இல்லாமல் அந்த மனிதர் லொறி ஓட்டுகிறார், கடை பார்க்கிறார், தொழுகிறார். ஸஹருக்குப் பின் சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. மஃரிபு நெருங்கும்போது இரத்தத்தில் இருந்த காபனோரொட்சைட்டு பெரும்பாலும் வெளியேறி, பஸ்ஸின் ஆசனங்கள் எல்லாம் ஒட்சிசனுக்குக் கிடைத்துவிட்டன. அந்த நேரத்தில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடித்துப் பள்ளி வாசலுக்கு வெளியே நின்று ஒன்றைப் பற்றவைக்கிறார்! நாள் முழுக்க நிக்கொட்டின் இல்லாதிருந்த உடம்பில் அந்த முதல் சிகரட் இதயத்தை மற்ற எதையும்விட வேகமாக அடிக்க வைக்கும். நோன்பு திறந்தவுடன் தலை சுற்றுகிறது என்று சொல்லும் ஆண்களிடம் எதைக் கொண்டு திறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

விட்டவருக்கு உடம்பு பழையதை மனதில் வைத்துப் பழிவாங்குவதில்லை. ஒரு வருடத்தில், புகைப்பதால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. பதினைந்து வருடத்தில் புகைக்காதவரின் நிலையை நெருங்குகிறது. இங்கிலாந்தில் 1951 இல் வைத்தியர்களையே கேட்டுத் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் வைத்தியர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2004 இல் முடிவைச் சொன்னார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்தி இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் மீட்டார்கள். நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டவர்கள்கூட மூன்று வருடம். "இனி விட்டு என்ன" என்று சொல்லும் அறுபது வயது மாமாவிடம் இந்த மூன்றைச் சொல்லுங்கள். மூன்று ரமழான்.

சாச்சா விட்டுவிட்டார். உடனே அல்ல. காலை எடுத்த பிறகும், வார்ட்டுக்கு வெளியே சக்கர நாற்காலியில் போய் ஒரு சிகரட் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். சாச்சி அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, அழவுமில்லை. மற்றக் காலின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அதுதான் கடைசிச் சிகரட். இப்போது ஜெய்ப்பூர் கால் போட்டு, கைத்தடியோடு, பாலக்கட்டில் ஒரு முறை இளைப்பாறி, வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கு ஏறிவிடுகிறார். இடது காலில் துடிப்பு மெல்லியதாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்களாம்.

நான் அன்று புறப்படும்போது சாச்சி வாசல்வரை வந்தார். இன்னும் எதையோ சொல்ல நினைத்தவர் போல நின்றுவிட்டுச் சொன்னார்: "சின்னவன்ட ஷேர்ட்ட கழுவக்குள்ள மணக்குது, மகன்." சின்னவனுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தொரு வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். பக்கெட்டின் மேல் 80 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2015 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் நான் சாச்சாவுக்கு வாங்கியது போலவே இவனும் தனிச் சிகரட் வாங்குகிறான். தனிச் சிகரட்டில் படம் ஏது?

அவனிடம் பேச வரும் வெள்ளிக்கிழமை போகிறேன். பயான் செய்யப் போவதில்லை. சிறுவயதில் அந்தக் கடைக்கு ஓடியதையும் அந்த டொபியையும் சொல்லித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். துஆச் செய்யுங்கள்.